தேய்ந்த காசும் தீர்ப்பும்

பழைய செப்புக் காசு ஒன்று கைக்கு வரும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. யாருடைய காசு, எந்த ஆண்டுக்குரியது என்பது முதலாவது. அதற்கு நூல்கள் விடை தரும். எந்த நிலையில் இருக்கிறது, என்ன தரம் என்பது இரண்டாவது. இங்கேதான் நண்பர்கள் பிரிகிறார்கள்; வணிகர்கள் வழக்காடுகிறார்கள்; ஒருவர் சொல்லும் தரத்தை மற்றவர் ஏற்க மறுக்கிறார். முதல் வினாவுக்குக் கல்வி போதும். இரண்டாவதற்குக் கல்வியோடு மனச்சான்றும் வேண்டும். அது ஏன் என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

பொன்னுக்கு உரைகல் உண்டு. எவ்வளவு தேய்ந்த பொற்காசானாலும் எஞ்சிய எடைக்கும் மாற்றுக்கும் உரிய விலை அதற்கு எப்போதும் கிடைக்கும்; வெள்ளிக்கும் ஏறத்தாழ அப்படியே. செம்புக்கு அந்த அடைக்கலம் இல்லை; உருக்கினால் மிஞ்சுவது சொற்பம். பொன்னைப் பானையில் இட்டுப் புதைத்தார்கள், கருவூலத்தில் வைத்துப் பூட்டினார்கள். செப்புக் காசோ உப்புக்கும் கீரைக்கும் விளக்கெண்ணெய்க்குமாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. இடுப்புச் சுருக்குப்பையிலும் முந்தானை முடிச்சிலும் வியர்வையோடு வியர்வையாகக் கிடந்தது. ஏழையின் காசு என்பதால் மிகுதியாகத் தேய்ந்தது. தேய்ந்ததால் இன்று சேகரிப்பாளரின் மேசையில் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறது. எதற்காகப் படைக்கப்பட்டதோ அதைச் செய்ததற்காகவே ஒன்றைக் குறைத்து மதிப்பது முறையா?

இவ்வினா வெறும் சொல்விளையாட்டு அன்று என்பதற்கு நம் ஊர்க் காசையே சான்று காட்டலாம். சென்னை மாகாணத்தின் புழக்கத்துக்கென்று 1808ஆம் ஆண்டு முத்திரையோடு பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் அடிப்பித்தது. பர்மிங்காம் அருகே மாத்தியூ போல்ட்டன் நிறுவிய சோகோ நாணயச்சாலையில், நீராவிப் பொறியால் அவை அடிக்கப்பட்டன. ஒருபுறம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம்; மறுபுறம் பாரசீக எழுத்துக்கள். எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்று கணக்கு வைத்திருந்த சென்னைக்கு அவை வரவேண்டும். அவற்றைச் சுமந்து புறப்பட்ட ‘அட்மிரல் கார்டினர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி உடைந்தது. சுமார் 48 டன் செப்புக் காசு கடலுக்குள் போயிற்று. 1980களில் மூழ்குவோர் அவற்றுள் பெருந்தொகையை வெளியே எடுத்தனர்.

இப்போது இரண்டு இருபது காசுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று சென்னை வந்து சேர்ந்து, கடைத்தெருவில் உழன்று, சிங்கமும் எழுத்தும் மழுங்கிப் போனது. மற்றொன்று ஒரு கை கூடத் தொடாமல் கடலடியில் கிடந்தது. உப்பு அரித்த குழிகள் உண்டு, ஆனால் உப்பு தீண்டாத இடங்களில் சிங்கத்தின் பிடரி அச்சிலிருந்து எழுந்த அன்றைய கூர்மையோடு நிற்கிறது. இதில் எது நல்ல காசு? ஒன்று தன் வேலையை முடித்தது. மற்றொன்றுக்கு வேலையே வாய்க்கவில்லை. ஆனாலும் தேய்மானம் என்னும் ஒரே அளவுகோலை வைத்தால் இரண்டாவதே வெல்லும்.

தேய்ந்த காசின் பக்கம் நம் உள்ளம் சாய்வது இயல்பே. அந்தச் சாய்வோடு தீர்ப்பு எழுதிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அது நேர்மையாகாது. தரம் சொல்பவர் காசின் பெருமையைச் சொல்ல வரவில்லை. அச்சிலிருந்து எழுந்த நாளில் இக்காசு எப்படி இருந்தது, அதில் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று சாட்சி கூற வருகிறார். அந்தக் காசைக் கண்ணால் காணாத ஒருவர், தொலைவிலிருந்து, அவருடைய சொல்லை மட்டும் நம்பிப் பணம் அனுப்புகிறார். ஆகவே தரம் என்பது முதலில் ஒரு வாக்கு. காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்லைப் புழங்கும் நமக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

செப்புக் காசின் தரம் காணும் கலை மிக நுட்பமாக வளர்ந்த இடம் அமெரிக்கா. அந்நாடு 1793 முதல் 1857 வரை பிலடெல்பியாவில் அடித்த ‘பெரிய சென்ட்’ எனப்படும் காசுகள் கலப்பற்ற செம்பாலானவை. நம் பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றே சிறியவை. தொடக்க ஆண்டுகளில் அச்சுக்களைக் கையால் வெட்டியதால் ஓர் அச்சின் காசு மற்றோர் அச்சின் காசைப் போல் இராது. நல்ல செப்பு வில்லை உள்நாட்டில் போதிய அளவு கிடைக்காததால், சில ஆண்டுகளில், நம் இருபது காசை அடித்த அதே போல்ட்டனிடமிருந்து வில்லைகளை வாங்கிக் கப்பலில் தருவித்தார்கள். இக்காசுகளுக்கென்றே 1967இல் சேகரிப்பாளர் சங்கம் ஒன்று அங்கு தோன்றியது. அதன் உறுப்பினர்களிடையே வேரூன்றிய மதிப்பீட்டு முறையைக் கவனித்தால், தீர்ப்பு என்பதன் உள்ளமைப்பே தெரிகிறது.

காசை இரு விரல்களால் விளிம்பில் பிடிப்பார்கள். முகத்தைத் தொடமாட்டார்கள், ஏனெனில் விரலின் ஈரமும் செம்பில் தழும்பாகப் பதியும். ஒற்றை விளக்கின் கீழ்க் காசைச் சாய்த்துத் திருப்புவார்கள். நேர் ஒளியில் மறைவது சாய்ந்த ஒளியில் வெளிப்படும். சுதந்திர தேவியின் தலை பொறித்த காசில் மிகவும் மேடான இடங்கள் எவையோ அவையே முதலில் தேயும்: நெற்றிக்கு மேலுள்ள கூந்தல், காதருகே சுருள்கள், தோள். பிறகு இலைகள் மழுங்கும். பிறகு எழுத்துக்கள் விளிம்போடு கலக்கத் தொடங்கும். ஆண்டு எண் மட்டும் நிழலாக நிற்பது இறுதிக் கட்டம். இந்தத் தேய்மானத்தை மட்டும் கொண்டு முதலில் ஓர் எண் சொல்வார்கள். அது கூர்மைத் தரம். அதன் பின்னரே நிறம், அரிப்புக் குழி, விளிம்பு அடி, கீறல் ஆகியவற்றைப் பார்த்து, அந்த எண்ணிலிருந்து இறங்கி நிகரத் தரம் சொல்வார்கள். கூர்மையில் 30 பெற்ற காசு, மேனியெல்லாம் குழி விழுந்திருந்தால் நிகரத்தில் 15 என்று இறங்கலாம்.

இந்த இரட்டைக் கணக்கு நம்மை மிகவும் ஈர்க்கிறது. உழைப்பால் இழந்ததும் விபத்தால் இழந்ததும் வேறு வேறு என்று அது ஒப்புக்கொள்கிறது. இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்துவிடாமல், முதலில் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் பிறகே கூட்டிக் கழிக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பதற்கு வாய்பாடு கிடையாது. பல நூறு காசுகளைக் கண்ட கண்தான் அதைச் சொல்லும். அதனால் இரு வல்லுநர்கள் இரு எண்களைச் சொல்வதும் உண்டு. அதை நாம் குறையாகக் கருதவில்லை. கழித்ததற்கான காரணம் வெளியே வைக்கப்பட்டிருப்பதால், அதை மறுக்க விரும்புபவர் மறுக்கலாம் அன்றோ?

இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பது மற்றொரு பிரித்தறிவு. இல்லாத ஒன்றை இழந்ததாகக் கணக்கெழுதக் கூடாது. நம் இராசராசன் பெயர் தாங்கிய செப்புக் காசைப் பாருங்கள். ஒருபுறம் நின்ற உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் பெயர். கையும் காலும் வெறும் கோடுகளாக, முகம் ஒரு முனைப்பாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர், முகமே அழிந்து போயிற்று என்பார். அழியவில்லை, அச்சு வெட்டியவரே அவ்வளவுதான் வெட்டினார். நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண் காணிக்கை இட்ட இரண்டு காசுகளும் இத்தகைய எளிய செப்புக் காசுகளே. அக்காசு வகையைச் சேர்ந்தவை என்று இன்று விற்கப்படுபவற்றுள் பல, கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட யூத அரசன் அலெக்சாண்டர் யன்னேயுஸ் வெளியிட்டவை. வில்லை கோணல், அச்சு ஓரம் தள்ளி விழுந்திருக்கும், பாதி எழுத்து காசுக்கு வெளியே போயிருக்கும். எவர் கையும் தேய்ப்பதற்கு முன்பே அவை அப்படித்தான் இருந்தன. பிறவியில் பெறாததையும் வாழ்வில் இழந்ததையும் பிரிக்கத் தெரியாதவர் சொல்லும் தரம், எண் சரியாக அமைந்தாலும் பொய்யே.

நிறத்துக்கு வருவோம். அச்சிலிருந்து எழும் செம்பு தீக்கொழுந்து போலச் சிவந்திருக்கும். காற்றுப் பட்டதும் சிவப்பு மங்கி, பழுப்பாகி, ஆண்டுகள் செல்லச் செல்ல அடர்ந்த பழுப்பாக நிலைபெறும். செம்பில் களிம்பு என்பது நம் சைவ சித்தாந்த நூலோர் உயிரோடு ஒட்டிய மலத்துக்கு எடுத்தாண்ட உவமை. களிம்பு நீங்கினால் செம்பு விளங்கும் என்பது அதன் கருத்து. உவமை என்ற அளவில் அது ஆழமானது. ஆனால் நாணயம் பேணுவோரின் அனுபவம் இதில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. பழுப்பு மேற்படலம் அழுக்கன்று. அது செம்பே தன்மேல் நெய்துகொண்ட போர்வை, உள்ளிருக்கும் உலோகத்தை அது காக்கிறது. வெளிர் பச்சையாய்ப் பொடி பொடியாக உதிரும் நோய் வேறு. அது குளோரைடு உப்பால் வருவது. ஈரம் உள்ளவரை உள்ளே தின்றுகொண்டே போகும். அதைத் தடுக்காமல் விடுவது கொலைக்கு ஒப்பு. வாரக்கணக்கில் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, உப்பைப் பொறுமையாக வெளியேற்ற வேண்டும்.

நம் வீடுகளிலோ செம்பு என்றதும் கை புளியைத் தேடுகிறது. குத்துவிளக்குக்கும் தவலைக்கும் புளி போட்டுத் துலக்குவது நல்ல பழக்கம்தான். அதே புளி பழங்காசில் பட்டால் இருநூறு ஆண்டு மேற்படலம் ஒரு நொடியில் போய்விடும். மிஞ்சுவது உயிரற்ற இளஞ்சிவப்பு. அது பிறந்த நாளின் சிவப்பு அன்று; தோலுரிந்த சிவப்பு. இவ்வாறு துலக்கிக் கெடுத்த காசுக்குக் கந்தகம் கலந்த பசையைத் தேய்த்து மீண்டும் பழுப்பு ஏற்றும் வித்தை உண்டு. மழுங்கிய கூந்தலை நுண்ணுளியால் மீண்டும் இழை இழையாகச் செதுக்கும் வித்தையும், குழிகளைச் சுரண்டிச் சமப்படுத்தும் வித்தையும் உண்டு. இவற்றைச் செய்வோர் எல்லாரையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. கெட்டதைச் செப்பனிட்டு, செப்பனிட்டேன் என்று எழுதி விற்பவர் எவரையும் ஏமாற்றவில்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் விடுபவரே ஏமாற்றுகிறார். அதுவும் பெரும்பாலும் தம்மைவிடக் குறைவாகக் கற்றவரை.

சந்தையோ சிவப்புக்கே அதிக விலை தருகிறது. சிவப்பு, சிவப்பும் பழுப்பும் கலந்தது, பழுப்பு என்று மூன்று வகுப்பு. ஒரே கூர்மையுள்ள காசுகளுக்குள்ளும் நிறத்தால் விலை பன்மடங்கு மாறும். மணமகள் தேவை என்று நம் நாளிதழ்களில் வரும் விளம்பரங்களைப் படித்துப் பழகிய நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. 1980களின் நடுவில் தொழில்முறைத் தரநிறுவனங்கள் தோன்றி, காசை ஒளிபுகும் நெகிழிப் பேழைக்குள் அடைத்து எண்ணை மேலே அச்சிடத் தொடங்கிய பின், வாங்குபவர் பலர் பேழைக்குள் இருப்பதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டனர். ஓர் எண் கூடினால் விலை தாவுகிறது. ஆகவே பேழையை உடைத்து, இம்முறையாவது ஓர் எண் கூடாதா என்று மீண்டும் அனுப்பிப் பார்க்கிறார்கள். தரநிறுவனங்களால் மோசடி குறைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. பழஞ்செம்பில் தோய்ந்தவர்கள் மட்டும் இன்னும் பேழையின் எண்ணை ஒரு கருத்தாகவே கொண்டு, தம் கண்ணால் பார்த்துத் தாமே இறக்கிச் சொல்கிறார்கள்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இல் பெரிய சென்ட் காசுகளைப் பற்றி வெளியிட்ட நூலில் 1 முதல் 70 வரையிலான அளவை வகுத்தார். அடையாளம் காணக்கூடிய அளவு மட்டும் எஞ்சிய காசுக்கு 1. குறையே இல்லாததற்கு 70. அது அன்று விலைக் கணக்காகவே பிறந்தது. கடைநிலையில் ஒரு டாலர் பெறும் காசு 70ஆம் நிலையில் எழுபது டாலர் பெறும் என்பது அவர் கொண்ட அடிப்படை. சில ஆண்டுகளிலேயே சந்தை அந்தக் கணக்கைக் கடந்து ஓடிவிட்டது. எண் மட்டும் நிலைத்து, செம்பிலிருந்து வெள்ளிக்கும் பொன்னுக்கும் பரவி, இன்று உலகெங்கும் ஆள்கிறது. நிலையைச் சொல்ல வந்த எண்ணின் கருவிலேயே விலை இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அதனால்தான் தேய்ந்த காசு ‘குறைந்தது’ என்று நம் செவியில் விழுகிறது. ‘தேய்ந்தது’ என்று மட்டும் விழுவதில்லை.

ஷெல்டனின் தொழில் காசு அன்று, மனிதன். மனித உடலைப் பருத்தது, தசைப்பற்றுள்ளது, மெலிந்தது என்னும் மூன்று கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுத்து, அந்த மூன்றிலக்கத்திலிருந்து ஒருவருடைய இயல்பையே படித்துவிடலாம் என்று அவர் நம்பினார். இதற்காக அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் மாணவ மாணவியரை ஆடையின்றி நிறுத்தி எடுத்த நிழற்படங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டன. காசு நூல் வெளிவந்த அதே 1949இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூல், பாஸ்டன் நகரத்தில் நெறி தவறியவர்கள் எனக் கருதப்பட்ட இருநூறு இளைஞர்களை இவ்வாறு உடலளந்து வகைப்படுத்தியது. அக்கொள்கையை அறிவியல் இன்று கைவிட்டுவிட்டது. 1990களில் அப்படங்களைப் பற்றிய செய்தி வெளியானபோது பலர் அதிர்ந்தனர். படங்களுள் பல அழிக்கப்பட்டன.

காசுக்குப் பொருந்திய முறை மனிதருக்கு ஏன் பொருந்தவில்லை? காசு அச்சிலிருந்து விழுந்த நொடியில் நிறைவு பெற்றுவிடுகிறது. அதன் பின் அதற்கு நேர்வதெல்லாம் இழப்பே. ஆகவே பிறந்த நாளை அளவுகோலாக்கி எஞ்சியதை அளப்பதில் தவறில்லை. மனிதருக்கு அப்படியொரு நிறைவு நாள் பின்னால் இல்லை. அறுபது வயதுப் பாட்டியின் கை நரம்புகளைப் பார்த்து, இருபது வயதிலிருந்து இவ்வளவு குறைந்துள்ளது என்று கணக்கெழுதுபவர் எதை அளக்கிறார்? அந்த அறுபதில் அவர் ஆனது எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது. மேலும் காசு தன் தரத்தைக் கேட்டுக் கூசுவதில்லை. பாஸ்டன் இளைஞர்கள் கூசியிருப்பார்கள்.

ஷெல்டன் 1977இல் மறைந்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே மற்றொரு செய்தி வெளிப்பட்டது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்துக்கு ஜார்ஜ் கிளாப் என்னும் சேகரிப்பாளர் தமது பெரிய சென்ட் தொகுப்பைக் கொடையாக அளித்திருந்தார். ஆராய்வதற்காக அத்தொகுப்பை நெருங்கும் உரிமை பெற்றிருந்த ஷெல்டன், அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட காசுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் அதே ஆண்டு, அதே அச்சு வகையைச் சேர்ந்த, தரம் குறைந்த காசுகளை வைத்திருந்தார்.

இக்களவின் தன்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இழுப்பறையில் காசுகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஆண்டு குறையவில்லை, வகை குறையவில்லை. முகமதிப்பைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சென்ட்டும் காணாமல் போகவில்லை. களவு போனது தரம் ஒன்றுதான். தரம் பார்ப்பதெல்லாம் செல்வர்களின் வீண் பொழுதுபோக்கு, செம்பு எப்படியிருந்தாலும் செம்புதானே என்று சொல்வோருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடையாது. திருடக்கூடிய ஒன்று இல்லாத பொருளாக இருக்க முடியாது. தரத்தை அவரைப்போல் அறிந்தவர் அன்று அரிது. அந்த அறிவு இல்லாத ஒருவரால் இந்தக் களவைச் செய்திருக்கவும் முடியாது.

அவரிடமிருந்து விலைக்குப் போன காசுகளுக்காக 1990களில் வழக்கு கலிபோர்னிய நீதிமன்றங்கள் வரை சென்றது. இரு காசுகள் ஒரே அச்சில் பிறந்திருக்க, இதுதான் கிளாப் கொடுத்த காசு என்று எப்படி நிறுவுவது? கொடையாக வந்த தொகுப்பின் பழைய நிழற்படங்கள் இருந்தன. அவற்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, வெளியே கைமாறிய காசுகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு கீறல், விளிம்பில் ஓர் அடி, வயலில் ஒரு கறைப்புள்ளி என்று, தரம் குறிக்கும்போது கழிக்கப்படும் சின்னஞ்சிறு குறைகள் ஒவ்வொன்றாகப் படத்தோடு பொருந்தின. அவற்றைக் காட்டித்தான் கழகம் தன் காசுகளைக் கேட்டது.